பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினோம்

எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் நான் நாட்டின் பிரதமருக்கு ஒரு மனு எழுதினேன். அதுவரை நான் சொந்தமாக எழுதிய பெரிய மனு என்றால் கேஸ் கனெக்‌ஷன் கேட்டு எழுதியதுதான். அதற்கு இரண்டு வருடம் பதில் வரவில்லை. ஆகவே இதற்கும் பதில் வரும் என்ற எதிர்பார்ப்பு எனக்கு இருக்கவில்லை. ஆனாலும் எழுதியே ஆகவேண்டும் என்பதில் சந்தேகமே வரவில்லை.

அப்போது நாங்கள் மௌலா அலி பக்கம் ஸ்டாஃப் காலனியில் குடியிருந்தோம். அணு உலைகளுக்கு எரிபொருள் செய்யும் தொழிற்சாலையில் என் கணவர் டிராஃப்ட்ஸ்மேன். நான் சிகந்தராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பாளையங்கோட்டையிலிருந்து வந்து சிகந்தராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் எங்களுடையது. கணவர் கல்யாணத்துக்குச் சற்று முன்னால்தான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவர். பேச்சில் ஊர் வாசனை போகவே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் எங்கு போனாலும் ஒரே பேச்சு. பக்கத்து நாடு அணுகுண்டு செய்கிறது, செய்து முடிப்பதற்குள் நம் விமானங்கள் போய் அந்த இடத்தைத் தரைமட்டமாக்கிவிட வேண்டும். பஸ்ஸில் சொன்னார்கள், ரேஷன் வரிசையில் சொன்னார்கள், ஆராதனை முடிந்து வேதக்கோயில் வாசலில் நிற்கும்போதும் சொன்னார்கள். எல்லையில் இரண்டு பக்கமும் படைகள் நிற்பதாகப் பத்திரிகையில் வந்தது. எங்கள் மேனேஜர் யாரையும் அதட்டிக்கூடப் பேசாத மனிதர். அவர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, "ஒரே அடி. அதோட தொல்லை முடிஞ்சது" என்றார். நானும் தலையாட்டினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அதே வாரம் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்ததை வாங்க ஆபாவின் வீட்டுக்குப் போனேன். காலனி வாசலைத் தாண்டி ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் அவர் வீடு. கணவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அவரை ஆபா என்பேன், அக்கா என்று அர்த்தம். அவர் பேசுவது தக்கனி உருது. நானும் அதில் தட்டுத்தடுமாறாமல் பதில் சொல்லுவேன், சிகந்தராபாத்தில் வளர்ந்தவளுக்கு அது தானாகவே வந்துவிடும்.

ஆபாவின் தங்கையைக் கராச்சியில் மாமன் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளிடமிருந்து வருடத்துக்கு இரண்டோ மூன்றோ கடிதம் வரும், உறையை யாரோ பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய அடையாளத்தோடு. அன்று அப்படி ஒன்று வந்திருந்தது. தையல் மெஷினில் கையை வைத்துக்கொண்டு ஆபா எனக்குப் படித்துக் காட்டினார்.

"அக்கா, உன் வீட்டுப் பக்கத்தில் அணு கம்பெனி ஒன்று இருக்கிறதாமே. சண்டை வந்தால் எங்கள் விமானங்கள் அதைத்தான் முதலில் அடிக்கும் என்று மாமனார் சொல்கிறார். நீ வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு பழைய நகரத்துக்குப் போய்விடு. இங்கே கடற்கரைப் பக்கமும் ஓர் அணு மின்சார நிலையம் இருக்கிறது. உங்கள் ஆட்கள் அதை அடித்தால் நான் எங்கே போவேன்?"

ஆபா கடிதத்தை மடித்தார். "சார்மினார் பக்கம் போனா குண்டு வராதா? எதுக்கு இப்படி எழுதுறா இவ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'உங்கள் ஆட்கள்' என்று அந்தப் பெண் எழுதியிருந்தது என்னைத்தான். டிபன் டப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து தலையாட்டியவள் நான்.

ரவிக்கையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். காலனிக்குள் எங்கள் வரிசையில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பின்னால் தொழிற்சாலை மதில். அத்தனை வருடம் அந்த மதில் எனக்கு மாதச் சம்பளம் வரும் இடமாக மட்டுமே தெரிந்தது. கராச்சியில் ஒரு மாமனாருக்கு அது அடிக்கவேண்டிய இடமாகத் தெரிகிறது. எனக்கும் என் மேனேஜருக்கும் அவர்களுடைய மதில் அப்படித் தெரிகிறது. இரண்டு மதிலுக்கும் பக்கத்தில் பெண்கள் துணி காயப்போடுகிறார்கள். இதில் புரிந்துகொள்ள ஒன்றுமே கஷ்டம் இல்லை. இது ஏன் இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் அலுவலக டைப்ரைட்டரில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அடித்தேன். அணுகுண்டு விஷயத்தில் பக்கத்து நாட்டோடு நமக்கு இருக்கும் தகராறைப் பேச்சுவார்த்தையால் தீர்க்கவேண்டும், ஒருவருடைய அணு நிலையத்தை மற்றவர் தாக்குவது என்ற பேச்சையே இரண்டு அரசுகளும் கைவிடவேண்டும், பேசப் போகும் அரசுக்கு இந்தத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வாழும் குடிமக்களாகிய நாங்கள் துணை நிற்போம். அவ்வளவுதான் விஷயம்.

அன்று சாயங்காலம் என் கணவர் அதைப் பென்சிலும் கையுமாகப் படித்தார். எதைப் படித்தாலும் அவருக்குப் பென்சில் வேண்டும்.

"கடுதாசி நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் கையெழுத்துப் போட முடியாது பாத்துக்க. கவர்மெண்டு உத்தியோகத்துல இருக்கவன் இதெல்லாம் போடக் கூடாது."

"உங்ககிட்ட கேக்கலியே. நான் கவர்மெண்டு உத்தியோகத்துல இல்லியே."

"சரி. குவார்ட்டர்ஸ் நம்பர் போடாத. அது என் பேர்ல கொடுத்தது. வேற பொம்பளைங்களும் போட வேண்டாம்னு சொல்லு. அவங்க வீட்டுக்காரனுக்குத்தான் தலைவலி வரும்."

கொஞ்ச நேரம் கழித்து, "நீ பயப்படலியா?" என்று கேட்டார்.

"எதுக்கு? பேசுங்கன்னுதான சொல்லுதேன்."

அவர் மறுபடி பென்சிலை எடுத்தார். ஒரு இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். முகவரிக்குச் சிகந்தராபாத்தில் இருந்த என் அம்மா வீட்டைப் போட்டேன்.

முதல் கையெழுத்தை ஆபாவிடம்தான் கேட்டேன். எண்ணமே அவர் வீட்டில் பிறந்தது என்பதால் அவருக்கே அந்த மரியாதை என்று நினைத்தேன். அவர் காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"நக்கோ, வேண்டாம். என்னைக் கேக்காதே."

"ஏன் ஆபா? உங்க தங்கச்சி எழுதினதுதானே?"

"அதனாலதான். என் பேரு இருந்தா உன் காகிதத்தை யாரு படிப்பாங்க? 'இவ தங்கச்சி அங்க இருக்கா, இவ வேற என்ன சொல்லுவா'ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் போலீஸ்காரன் வந்து என் வீட்டுக்காரரைக் கேள்வி கேப்பான்."

இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர் எதற்குப் பயப்படவேண்டும் என்று நான் வாதாடினேன். நான் பக்கத்தில் நிற்பேன் என்றேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ தைரியசாலி, ஹவ், ஆமா, ஒத்துக்கறேன். ஆனா என் தைரியத்தை நீ செலவு பண்ணாதே" என்றார்.

வெட்கமாகப் போயிற்று. என் தைரியம் எவ்வளவு மலிவு என்று அப்போதுதான் தெரிந்தது. என்னிடமிருந்து பறிபோவதற்கு ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த ரவிக்கைக்கு அளவு எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டத்தில் மனுவைத் தமிழில் படித்துச் சொன்னேன். போதகரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேனாவைக் கேட்டு வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டார். "சமாதானம் பண்ணுகிறவர்களைப் பத்தி வாராவாரம் பாடுறோம். ஒரு நாளாவது அஞ்சலில் போடுவோமே" என்றார். அதன் பிறகு வரிசையில் நின்று போட்டார்கள்.

வாசலில் ஒரு பெரியவர் எனக்காகக் காத்திருந்தார். ஓய்வு பெற்ற சுபேதார், வேலூர்க்காரர், சபைக்கு மூப்பர். இரண்டு யுத்தத்துக்குப் போய் வந்தவர். ஒரு காதில் கேட்பது குறைவு. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா. எதிரி கையில ஆயுதம் வர்றதுக்கு முன்னால தட்டிவிடணும், அதான் எனக்குக் கத்துக்கொடுத்தது."

"சரிங்கய்யா."

"ஆனா நீ எழுதினதுல ஒரு தப்பு இருக்கு. இங்க பாரு. 'நம் போர்வீரர்களின் பரிதாபமான நிலையை எண்ணி'ன்னு எழுதியிருக்க. சிப்பாய் மேல பரிதாபப்படாதே. அவனுக்கு அது பிடிக்காது. அவன் போறதுக்குத் தயாரா இருக்கான். பேசிப் பாத்தாச்சா, எல்லா வழியும் பாத்தாச்சா, அதுக்கப்புறந்தான் எங்களை அனுப்புறீங்களான்னு கேளு. அது அவனுக்கு நீங்க தரவேண்டிய மரியாதை."

அங்கேயே நின்று என் நோட்டில் அதை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். மனுவிலேயே நல்ல வாக்கியம் அதுதான். கடைசிவரை அவர் கையெழுத்துப் போடவில்லை. என்னைக் கண்டால் மட்டும், "எத்தனை தாள் ஆச்சு?" என்று விசாரிப்பார்.

திருத்திய மனுவை ஸ்டென்சிலில் அடித்து, தெரிந்த கடையில் சைக்ளோஸ்டைல் பிரதிகள் எடுத்தேன். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் என் அக்கா இருந்தாள். அவள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு டீச்சரம்மா ஒருவரைப் பிடித்து அழகான தெலுங்கில் எழுதி வாங்கிவிட்டாள். அக்காவும் நானும் இரண்டு சனிக்கிழமை வீடு வீடாக ஏறி இறங்கினோம். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு அம்மாள், "இதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்றவர், படிகளில் நாங்கள் பாதி இறங்கிய பிறகு கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாலாநகர் பஸ் நிறுத்தத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு இளைஞன் தாளைப் படித்துவிட்டு, "அவங்க நாட்டுல போய்க் கேளுங்க மேடம்" என்றான். "அங்கேயும் யாராவது கேட்டுக்கிட்டிருப்பாங்க தம்பி" என்றேன். எனக்கு அது நிச்சயமாகவே தோன்றியது.

எங்கள் காலனிதான் பாக்கி. அங்கே செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலனியின் பொது ஹாலுக்கு வந்து விளக்கும்படி காலனி சங்கத்தார் கேட்டார்கள். போனேன். என் கணவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார், வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு.

எழுந்து பேசியவர் ஒரு இளம் இன்ஜினியர், கெட்டிக்காரர், மரியாதையானவர். "மேடம், அவங்க முடிக்கிறதுக்குள்ள நாம முடிச்சாகணும். பத்து நிமிஷ வேலை. இப்ப விட்டா நாளைக்கு நம்ம பிள்ளைங்க தலைமேல விழும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஹாலில் பாதிப் பேர் ஆமாம் என்றார்கள்.

"சார், அவங்க இடத்தை நாம அடிச்சா, பதிலுக்கு அவங்க எந்த இடத்தை அடிப்பாங்க?"

"நம்ம ஏர்ஃபோர்ஸ் விடாது."

"அவங்க ஏர்ஃபோர்ஸும் அப்படித்தானே சொல்லும்? ரெண்டு பேருமே விடமாட்டாங்கன்னா அந்தப் பத்து நிமிஷ வேலை எப்படி நடக்கும்? நடக்கும்னா ரெண்டு பக்கமும் நடக்கும். அப்ப எந்த இடத்தை அடிப்பாங்க?"

அவர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் மதிலுக்குள் என்ன இருக்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரியும். மூன்றாவது வரிசையில் ஒரு கைக்குழந்தைக்காரி எழுந்து, புருஷன் முகத்தைப் பார்க்காமல் மேஜைக்கு வந்து தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். அவள் அந்த இன்ஜினியரின் மனைவி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் தடுக்கவில்லை. அவரும் கெட்ட மனிதர் இல்லை, அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அன்று காலனிப் பெண்கள் நாலு தாள் நிரப்பினார்கள். குவார்ட்டர்ஸ் எண் இல்லாமல்.

அடுத்த வாரம் என் கணவரை அவருடைய மேலதிகாரி கூப்பிட்டார். சண்டையெல்லாம் இல்லை, டீ வரவழைத்தாராம். "உங்க வீட்டில் ஏதோ கையெழுத்து வாங்குறாங்களாமே, கொஞ்சம் சொல்லி வைக்கக் கூடாதா?" என்று கேட்டாராம். இவர் பேசவே கூச்சப்படுகிறவர். ஆனால், "சார், அவ என் பெஞ்சாதி. என் ஸ்டாஃப் இல்ல. நான் சொல்லி என்ன வைக்க?" என்றிருக்கிறார். அதிகாரி சிரித்துவிட்டாராம். என்னிடம் இதைச் சொல்வதற்கு முன் அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பயம் இருந்துதான் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த பிரியத்தை இங்கே எழுதிவைப்பதில் தப்பில்லை.

அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆபா எங்கள் வீட்டுக்கு வந்தார். பர்தாவுக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். யாரிடமோ என் மனுவைப் படித்துச் சொல்லக் கேட்டு, அது முழுவதையும் உருதுவில் மொழிபெயர்த்து, வரிக்கு வரி முத்து கோத்ததுபோல் எழுதியிருந்தார். பழைய நகரத்தில் தெரிந்த பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் சிலர் அதன் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அவர் பெயர் மட்டும் இல்லை.

"போட மாட்டேன்னுதான் சொன்னேன். எழுத மாட்டேன்னு சொல்லலியே" என்றார்.

அவர் கையால் எழுதியதும் கையெழுத்து, நாங்கள் போட்டதும் கையெழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்று அவருக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் அதை ரசித்தார். பிறகு நான் கேட்காமலே, "தங்கச்சி எழுதினதையும் ஒரு வரி சேத்துக்கோ. பேரில்லாம" என்றார். அன்றைக்கே, அந்த நாட்டிலும் அணு நிலையத்துக்கு அருகில் வாழும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே பயம்தான் என்று ஒரு தனித் தாளில் அடித்துச் சேர்த்தேன்.

ஆங்கிலம், தெலுங்கு, உருது மூன்றையும் ஒன்றாகத் தைத்து ரிஜிஸ்டர் தபாலில் டில்லிக்கு அனுப்பினோம். சில வாரம் கழித்து ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது. அதில் யாரோ ஒரு குமாஸ்தாவின் கிறுக்கலும் ரப்பர் முத்திரையும் இருந்தன. பதில் என்று சொன்னால் அதுதான் பதில். ஐயரம்மா அதைச் சங்கத்து ஃபைலில் பத்திரமாக வைத்தார்.

சண்டை வரவில்லை. இரண்டு பக்கமும் தலைவர்கள் பேசினார்கள், எல்லையிலிருந்து படைகள் விலகின. சில காலம் கழித்து, ஒருவருடைய அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று இரண்டு நாடுகளும் ஒப்பந்தமே செய்துகொண்டன. அந்தச் செய்தி வந்த காலையில் என் கணவர் பேப்பரை என் அடுப்படிக்கே கொண்டுவந்து, அந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். எங்கள் மனுவைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள் என்று சொல்ல நான் பைத்தியக்காரி இல்லை. எங்களைப் போல எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள், பேசியிருப்பார்கள். அதிகாரிகள் எத்தனையோ நாள் மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் நாங்கள் கேட்டதும் அதுதான், நடந்ததும் அதுதான்.

அதற்கு அடுத்த வருடம் ஆபாவின் தங்கைக்கு விசா கிடைத்தது. வந்த உடனே போலீஸ் அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்துவிட்டு, பிறகுதான் அக்கா வீட்டுக்கு வந்தாள். ஒரு சாயங்காலம் நாங்கள் மூவரும் மௌலா அலி குன்றின் தர்காவுக்குப் படியேறினோம். மேலே நின்று அவள், "எது அந்த இடம்?" என்று கேட்டாள். கையை நீட்டிக் காட்டினேன். "எங்க ஊர்லயும் இப்படித்தான். பாக்க ஒண்ணுமே இல்ல" என்றாள். அக்காவும் தங்கையும் கைகோத்துக்கொண்டு படியிறங்கினார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தேன்.

இப்போதும் உலகத்தில் எங்காவது அணு விஷயத்தில் இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டால், டிவியில் வரைபடம் போட்டு அம்புக்குறியால் காட்டுகிறார்கள். படித்தவர்கள் உட்கார்ந்து பத்து நிமிஷ வேலை என்கிறார்கள். அன்று ஹாலில் கேட்ட கேள்வியைத்தான் அவர்களிடமும் கேட்கிறேன், பதிலுக்கு எந்த இடத்தை அடிப்பார்கள்? இதுவரை யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

பேச்சுவார்த்தைக்குப் போகும் அரசை மறுநாளே கோழை என்பார்கள். அடிக்கப் போகும் அரசுக்குக் கைதட்ட ஆள் தானாகச் சேரும். பேசப் போகிறவர்களுக்குத்தான் நாம் ஆள் சேர்க்கவேண்டும். போங்கள், பேசுங்கள், ஒரு தடவையில் முடியாவிட்டால் பத்துத் தடவை பேசுங்கள், நாங்கள் உங்களைக் குறை சொல்ல மாட்டோம் என்று குடிமக்கள் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குப் பெரிய ஆளாக இருக்கவேண்டியதில்லை. நாங்கள் ரவிக்கை தைப்பவரும் டைப் அடிப்பவளும் கைக்குழந்தைக்காரியுமாகத்தான் அதைச் செய்தோம். ஒரு பக்கம் எழுதி, தெரிந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, உங்கள் தொகுதி எம்.பி.க்கு இந்த வாரமே அனுப்புங்கள்.